புயல் வருமுன்: தவக்குலும் தயாரிப்பும்

அகிலத்தாரின் இரட்சகனான அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.



ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் நம் கடற்கரை ஊர்களில் எல்லோருடைய கவனமும் வானிலை அறிக்கை மீதுதான். கஜா புயலை நாம் மறந்திருக்க மாட்டோம். 2018 நவம்பர் 16, அதுவும் ஒரு ஜும்ஆ நாள். அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டைப் பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தன.

ஒவ்வொரு எச்சரிக்கையின் போதும் ஒரு பேச்சைக் கேட்கிறோம்: "மவுத்து எழுதிய இடத்தில்தான் வரும். முகாமுக்குப் போய் என்ன ஆகப்போகிறது?" கேட்பதற்கு ஈமானைப் போலத் தெரிகிறது. ஆனால் ஸஹாபாக்கள் விதியை இப்படி விளங்கவில்லை.

விதியிலிருந்து விதிக்கு

உமர் (ரலி) அவர்கள் ஷாம் நோக்கிச் சென்றபோது, ஸர்ஃக் என்ற இடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி கிடைத்தது. ஆலோசனை செய்து, திரும்பிவிட முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்று பதில் வந்தது. ஒரு பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் செழிப்பு, மறுபக்கம் வறட்சி. ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படிதானே என்றும் உமர் (ரலி) விளக்கினார்கள். (புகாரி)

சகோதரர்களே! தாழ்வான குடிசையும் அல்லாஹ்வின் விதிதான். மேட்டில் இருக்கும் முகாமும் அவன் விதிதான். நம்மை நாமே அழிவில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று குர்ஆன் (2:195) தடுத்திருக்கிறது.

பங்களாதேஷ் தரும் பாடம்

1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது காற்றல்ல, ஊருக்குள் புகுந்த கடல். அதன்பின் தன்னார்வலர்கள் திரட்டப்பட்டார்கள், புயல் காப்பகங்கள் எழுந்தன, பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் எச்சரிக்கை சொல்லின. 2020-ல் ஆம்பன் புயல் வந்தபோது 20 லட்சத்துக்கும் அதிகமானோர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். அந்நாட்டில் இறந்தோர் எண்ணிக்கை நூறைக்கூட எட்டவில்லை. அதே கடல், அதே மக்கள். மாறியது தயாரிப்புதான்.

நாம் செய்ய வேண்டியவை

கூண்டு ஏற்றும்வரை காத்திருக்காதீர்கள். ரேஷன் கார்டு, ஆதார், பத்திரங்களை பிளாஸ்டிக் உறையில் கட்டி வையுங்கள். சுகர், பிரஷர் மாத்திரை இருப்பில் இருக்கட்டும். தடை விதித்தபின் யாரும் கடலுக்குப் போக வேண்டாம். காற்று திடீரென ஓய்ந்தால் வெளியே வராதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம், சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி வீசும். உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

கடுங்குளிரும் காற்றும் மழையுமான இரவுகளில், இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ளுமாறு அறிவிக்க நபி (ஸல்) அவர்கள் முஅத்தினுக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். புயல் நேரத்தில் வீட்டில் தொழுவது மார்க்கம் தந்த சலுகை.

நம் தெருவில் தனியாக இருக்கும் வயோதிகர் யார், கர்ப்பிணி யார், கூரை வீடு யாருடையது? இன்றே பட்டியல் எடுங்கள். அண்டை வீட்டார் எந்த மதத்தவரானாலும் அவருக்கு நம்மீது ஹக்கு உண்டு. பள்ளிவாசல் கதவும் மதரஸா கதவும் அவர்களுக்காகத் திறந்திருக்கட்டும்.

இத்தனையும் செய்தபின் கையேந்துங்கள். அதுதான் தவக்குல். காற்று வீசினால் நபி (ஸல்) அவர்கள் அதன் நன்மையைக் கேட்டு, தீமையை விட்டுப் பாதுகாவல் தேடினார்கள். காற்றை ஏசுவதைத் தடுத்தார்கள்.

யா அல்லாஹ்! எங்கள் உயிர்களையும் வீடுகளையும் படகுகளையும் தோப்புகளையும் பாதுகாப்பாயாக. கடலில் இருப்போரைப் பத்திரமாகக் கரை சேர்ப்பாயாக. ஆமீன்.

வ ஆகிறு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.