விடாத அம்பு

ரவிவர்மாவின் படம். பழைய அச்சு. ஓரம் மஞ்சளேறியிருக்கிறது.

பாறைமேல் ராமன். வில். கீழே நுரை.
வானம் கறுத்து, மின்னல்.
அலை பிளந்து கடலரசன் வருணன் வருகிறான், பெண்களோடு.

சங்கரன்கோவிலில் ஆடி. ஆரியங்காவுக் கணவாய் தாண்டி மேல்காற்று வருகிறது. உப்பு இல்லை. புழுதி.

கண் மின்னலுக்கே போகிறது.
நாடகப் படுதாவில் பார்த்த மின்னல்.

கிழக்கே கோவில்பட்டி. நாடகப் படுதா எழுதிய கையால்தான் ஓவியர் கொண்டையராஜு அங்கே சாமிப் படங்களும் எழுதினார். சிவகாசி அச்சடித்தது. சுவர்தோறும் காலண்டர்.
அந்தச் சாமிகள் சாந்தமாக நிற்கிறார்கள். இந்த ராமன் அப்படியில்லை.

தெருவில் தறிச்சத்தம். மூச்சு அதோடு சேர்கிறது. பிறகு விலகுகிறது.

கோபத்துக்கு முன்னால் ஒரு படுக்கை உண்டு. தர்ப்பைப் புல். ராமன் கடலிடம் வழி கேட்டுக் கிடந்தது. வால்மீகியில் மூன்று இரவு. கம்பனில் ஏழு நாள்.

திருப்புல்லாணிக் கோவிலில் இன்னும் கிடக்கிறான்.
பக்கத்தில் சேதுக்கரை.

ரவிவர்மா கிடந்தவனை விட்டுவிட்டு, எழுந்தவனை எழுதுகிறார். 1906-இல் அவரே இல்லாமல் போனார்.

காத்திருப்பதற்கு என்ன நிறம்.
கேள்வி வருகிறது. போகிறது.

அம்பு இன்னும் போகவில்லை. படம் முழுக்க அந்தப் போகாமைதான்.

வால்மீகியில் அது போகிறது. தொடுத்ததைத் திருப்ப முடியாது. எங்கே விட, என்கிறான் ராமன். கடலரசன் வடக்கைக் காட்டுகிறான். துருமகுல்யம். புண்ணியமான இடம் என்றும் அவனே சொல்கிறான்.

அங்கே போய் விழுகிறது. நீர் வற்றுகிறது. அதற்கு மருகாந்தாரம் என்று பெயர்.

படத்தில் அந்த நிலம் இல்லை. சட்டத்துக்கு வெளியே, எங்கோ.

இங்கே கரிசல் வெடித்துக் கிடக்கிறது. வெள்ளாடுகள் குறுக்கே போகின்றன.

வறண்ட நிலத்துக்கு ராமன் வரமும் தருகிறான். ஆடுமாடுக்கு ஏற்ற இடம். நோய் குறைவு. பால், நெய், மூலிகை.

அங்கிருந்தவர்கள்மேல் கடலரசன் சொன்ன குற்றம்: பார்வையும் செயலும் கொடியவை. தன் நீரைக் குடிக்கிறார்கள். அந்தத் தீண்டலைப் பொறுக்க முடியவில்லை.

குடித்தவர்கள் பேசுவதாக ஒரு வரியும் இல்லை.