துணையிழந்த அன்னம்

இணைபிரியாக் காதலுக்கு உவமை தேடிய நம் முன்னோர் அன்றிலைக் கண்டனர். துணை மாண்டால் தானும் மாளும் பறவை அஃது என்றனர். கணவன் உயிர்துறந்த அக்கணமே தானும் உயிர்நீத்த பாண்டிமாதேவியைப் போற்றிய மரபு நம்முடையது. ஆயின், உடன் மாய்வதுதான் அன்பின் எல்லையா?

விடையைப் பறவைகளிடமே கேட்போம். அன்னம் சாகுந்தறுவாயில் இன்னிசை பாடும் என்றனர் கிரேக்கர். பிளேட்டோவின் நூலில், அது மகிழ்ச்சிப் பாட்டே என்கிறார் சாக்ரடீசு. உண்மையில் அன்னத்தின் சாவு அத்துணை அழகியதன்று. மின்கம்பியில் மோதியும், தூண்டிற்காரர் நீரில் விட்ட ஈயக் குண்டுகளை விழுங்கியும் அது மடிகிறது.

நாம் வாழும் ஐதராபாத்துக்கு அருகே, மஞ்சீரா நீர்நிலைக்குக் குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் வருகின்றன. இமயத்தைக் கடந்து வரும் இவ்வினமே நம் புராண அன்னம் என்று கருதுவோரும் உளர். இமாசலப் பிரதேசத்துப் பொங் அணை ஏரியில் 2020 டிசம்பர் இறுதியில் பறவைக் காய்ச்சல் பரவியது. அடுத்த சில வாரங்களில் 4,000க்கும் மேற்பட்ட பறவைகள் மாண்டன. அவற்றுள் பெரும்பாலானவை இவ்வாத்துகளே. ஆயினும் அடுத்த குளிர்காலத்தில் அவ்வினம் அதே ஏரியில் மீண்டும் வந்திறங்கியது.

பறவைக்குத் துயரமே இல்லை என்று இதனால் கொள்ளலாகாது. 1973இல் நோபல் பரிசு பெற்ற கொன்ராட் லோரன்சு, துணையிழந்த சாம்பல் வாத்து தலைகவிழ்ந்து, கண் குழிந்து, கூட்டத்தில் தன் நிலையும் இழந்து வாடுவதைக் கண்டு எழுதினார். அன்னமும் வாடும். ஆனால் குஞ்சுகள் இருப்பின் எஞ்சிய பறவை தனித்து நின்று அவற்றை வளர்க்கும். காலம் கனிந்தால் வேறு துணையும் தேடும். இதனை அன்பின் குறை என்று எவர் சொல்வார்?

நம் இலக்கியத்திலும் இதற்குச் சான்று உண்டு. பாரி மாண்டபோது கபிலர் உடனே சாகவில்லை. தந்தையற்ற மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு, அவர்க்கு மணமுடிக்க வேண்டி விச்சிக்கோன் வாயிலிலும் இருங்கோவேள் வாயிலிலும் நின்றார். மறுத்த சொற்களையும் தாங்கினார். அவர்க்கு ஒரு வழி கண்ட பின்னரே அவர் வடக்கிருந்தார் என்பது மரபு. நட்புக்காக இறப்பதினும், நட்புக்காக இருப்பது அரிது என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது.

தெலுங்கு மண்ணில் கந்துகூரி வீரேசலிங்கம் 1881 டிசம்பர் 11ஆம் நாள், எதிர்ப்புகளுக்கிடையே, ராஜமுந்திரியில் கைம்பெண் மறுமணம் ஒன்றை நடத்திவைத்தார். நூறாண்டுக்கு மேல் கடந்தும், நம் இல்லங்களில் துணையிழந்த பெண் பூச்சூடினால் முகஞ்சுளிப்போர் இன்னும் உளர். சுபகாரியத்தில் அவளை ஒதுங்கி நிற்கச் சொல்வோரும் உளர். அன்றிலின் கதையைப் பெண்ணுக்கு மட்டும் சட்டமாக்கிக்கொண்டோம் நாம்.

அழுவோரை அழவிடுவோம், அழுது முடித்து எழுவோர்க்கு வழிவிடுவோம். மாண்டவர்க்கு நாம் செய்யத்தக்க கடன்களுள் இதுவும் ஒன்றன்றோ?