மருந்து வந்தால் கடமை தீருமா?

"பிளாஸ்டிக்கைத் தின்னும் கிருமியை விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள், இனிப் பைகளைப் பற்றிக் கவலை எதற்கு?" என்று நம் கடைத்தெருவில் ஒரு பேச்சு அடிபடுகிறது. இதனை ஆய்ந்து பார்ப்பது வியாபாரிகளாகிய நம் கடமை.

செய்தி மெய்தான். ஜப்பானில் சக்காய் நகரத்துப் போத்தல் மறுசுழற்சி ஆலையருகே கிடைத்த ஒரு நுண்கிருமியைப் பற்றி 2016-ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் அறிவித்தனர். அதன் நொதி, தண்ணீர்ப் போத்தல் செய்யும் 'பெட்' பிளாஸ்டிக்கைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. வயிற்றில் சோற்றைச் செரிக்கவைப்பதும் நொதிதான். பிரான்ஸில் துலூஸ் நகரத்தார் இலையுரத்தில் கிடைத்த வேறொரு நொதியைத் திருத்தியமைத்து, 10 மணி நேரத்தில் 'பெட்'டில் நூற்றுக்கு 90 பங்கை மூலப்பொருளாகப் பிரித்ததை 2020-இல் வெளியிட்டனர்.

"படைப்பில் கை வைக்கலாமா?" என்று சிலர் ஐயுறலாம். முன்பு இன்சுலின் பன்றி, மாடுகளின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. திருத்தியமைத்த கிருமிகளைக் கொண்டு செய்த இன்சுலின் 1982-இல் மருந்தாக வந்தது. அதை நிஃமத் என்றே நாம் ஏற்றுக்கொண்டோம். தீங்கை நீக்கும் அறிவு இறைவன் அளித்த கொடையே. ஆனால் ஒரு தீங்கை நீக்கப் புகுந்து மற்றொரு தீங்கை விளைக்கலாகாது என்பதும் ஃபிக்ஹு விதி. ஆகவே அதனைக் கடலில் விடுமுன் நூறு முறை யோசிக்கத்தான் வேண்டும்.

நிற்க. அந்த 90 பங்கும், முன்கூட்டியே பதப்படுத்திப் பொடித்த பிளாஸ்டிக்கைக் கொப்பரையிலிட்டு 72 டிகிரி வெப்பத்தில் கிடைத்தது. கடலோ குளிர்ந்தது, பரந்தது. 5 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்கள் அதில் சிதறிக் கிடக்கின்றன. பாலியெஸ்டர் துணியைத் துவைக்கும்போது உதிரும் இழைகளும் அவற்றுள் சேரும். மேலும் நாம் கொடுக்கும் பை 'பெட்' அன்று, பாலிஎதிலீன். இந்த நொதிகள் அதனை வெட்டமாட்டா.

இதே நொதி நாளை பையையும் கரைக்கும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கேள்வி தீராது. பாவத்தை விட்டு விலகாமல் தௌபா செய்தவனின் தௌபா நிறைவேறுமா? பிறர் ஹக்கில் கை வைத்தவன் அதைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டுமே!

"இலவசப் பை" என்கிறோம். அதன் முழு விலையும் நம் பேரேட்டில் ஏறுவதில்லை. மீதி மீனவன் கணக்கிலும், இன்னும் பிறவாத பிள்ளையின் கணக்கிலும் ஏறுகிறது. ஒருவர் சம்மதமின்றி அவர் கணக்கில் கடன் எழுதுவது எந்த வியாபாரத்தில் ஹலால்? பிறவாதவரிடம் போய் எவ்வாறு மன்னிப்புக் கேட்பது?

சிங்கப்பூரில் 2023 ஜூலை 3 முதல் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் பை ஒன்றுக்குக் குறைந்தது 5 காசு வாங்கவேண்டும் என்பது சட்டம். சிறு கடைகளாகிய நம்மை அது கட்டவில்லை. சட்டம் விட்டுவிட்டதால் மனச்சாட்சியும் விட்டுவிடுமா?

"பை கொடாவிட்டால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவார்" என்பது நியாயமான அச்சம். தனியே செய்தால் நஷ்டம். கடைத்தெரு முழுவதும் ஒன்றுகூடி "கேட்டால் மட்டுமே பை" என்று தீர்மானித்தால் எவருக்கும் நஷ்டமில்லை. சங்கம் இருப்பது இதற்கன்றோ!

மருந்து செய்வோருக்கு அல்லாஹ் வெற்றியளிப்பானாக! நோயை வளர்க்காதிருக்கும் உறுதியை நமக்கும் அளிப்பானாக! ஆமீன்.