அச்சம் வேறு, பழி வேறு

போரிலிருந்து திரும்பிய வீரரை மறுபடியும் போருக்குள் அழைத்துப் போவதுதான் மெய்நிகர் சிகிச்சை. கண்ணை மறைக்கும் திரைக்கவசத்தை மாட்டியதும் ஈராக்கின் நெடுஞ்சாலை விரிகிறது. ஹம்வீ வண்டி ஓடுகிறது, சாலையோரம் குண்டு வெடிக்கிறது, காலடியில் மேடை அதிர்கிறது. டீசல், எரியும் ரப்பர், வெடிமருந்து என்று ஒவ்வொரு வாடையாக ஒரு கருவி ஊதிவிடுகிறது. வீரர் தமக்கு நேர்ந்ததை இப்போது நடப்பதுபோல் சொல்லச் சொல்ல, சிகிச்சையாளர் அதற்கேற்பக் காட்சியைக் கூட்டுகிறார், குறைக்கிறார். வாடைகளின் வரிசையில் மசாலா மணமும் உண்டு. வீரருக்கு அது அபாய அறிகுறி. அந்தத் தெருவில் குடியிருப்பவருக்கோ அடுப்பில் கொதிக்கும் மதியச் சாப்பாடு.

1997-இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் பார்பரா ராத்பாம், லாரி ஹாட்ஜஸ் ஆகியோரின் குழு வியட்நாம் போர் வீரர்களுக்காக இதைத் தொடங்கியது. அன்றைய காட்சிகள் இரண்டே: ஒரு ஹெலிகாப்டர், காட்டுக்கு நடுவே ஒரு வெட்டவெளி. பின்னர் தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஸ்கிப் ரிஸ்ஸோ உருவாக்கிய ‘விர்ச்சுவல் ஈராக்’, ‘ஃபுல் ஸ்பெக்ட்ரம் வாரியர்’ என்ற போர் விளையாட்டின் காட்சிகளிலிருந்து வளர்ந்தது. அந்த விளையாட்டு ராணுவப் பயிற்சியோடு பிறந்தது. போருக்குப் பழக்கிய படமே போரின் காயத்துக்கு மருந்தாகவும் ஆனது.

இதற்கு அடிப்படையான கோட்பாட்டை எட்னா ஃபோவாவும் மைக்கேல் கோசாக்கும் 1986-இல் வகுத்தனர். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயில் நினைவும் அபாயமும் ஒன்றாகப் பிணைந்துவிடுகின்றன. நினைவை ஒதுக்க ஒதுக்கப் பிணைப்பு இறுகுகிறது. அச்சத்தை எழுப்பி, பாதுகாப்பான அறையில் அதோடு இருக்கவைத்தால், ‘இது நினைவுதான், ஆபத்து இல்லை’ என்பதை மனம் மெல்லக் கற்கிறது.

மறக்கச் சொல்வதே கேடு என்பதை முதல் உலகப் போரிலேயே ஒருவர் கண்டார். 1901-02-இல் நீலகிரியில் தோடர்களிடையே ஆய்வு செய்து, 1906-இல் அவர்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ்தான் அவர். ஸ்காட்லாந்தின் கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் அவரிடம் வந்த ஓர் அதிகாரி, சிதைந்து கிடந்த நண்பனின் உடலைக் கண்டெடுத்தவர். அந்தச் சிதைவே நண்பன் வலியறியாமல் நொடியில் இறந்ததற்குச் சான்று என்று ரிவர்ஸ் எடுத்துக்காட்டினார், நினைவு தாங்கக்கூடியதாயிற்று. குண்டுவெடிப்பில் தூக்கி எறியப்பட்டு, அழுகிய பிணத்தின் வயிற்றில் முகம் புதைய விழுந்த இன்னொருவருக்கோ, பற்றிக்கொள்ள அந்த நினைவில் எதுவுமே கிடைக்கவில்லை. அவர் ராணுவத்தை விட்டு நாட்டுப்புறம் போனார். ஆக, ரிவர்ஸிடம் குணமாக்கியது வெறும் மறுபார்வை அல்ல, நினைவுக்குள் இருந்த ஓர் உண்மை.

பொய்யான காட்சி மெய்யான நோயைத் தீர்க்குமா என்பது பழைய கேள்வி. நஞ்சு தீண்டிவிட்டது என்ற சந்தேகமே உயிரைக் குடிக்கும் என்று பிரம்ம சூத்திர உரையில் சங்கரர் வாதிடுகிறார். பொய்க் காரணத்துக்கு மெய் விளைவு உண்டு. கனவில் சிங்கத்தைக் கண்ட யானை திடுக்கிட்டு விழிப்பதை ரமணர் உவமையாகச் சொன்னார். சிங்கம் பொய், விழிப்பு மெய். இந்தச் சிகிச்சையில் திரைக்கவசம் செய்வதும் அதுதான். ஆனால் கனவு துல்லியமாக இருக்கவேண்டும் என்பதில்லை. 2016-இல் வெளியான ஆய்வில் பணியிலிருந்த 162 அமெரிக்கப் படையினர் பங்கேற்றனர். மெய்நிகர் காட்சியும் பலன் தந்தது. ஆனால் கண்ணை மூடித் தாமே நினைவுகூர்ந்தவர்கள் மூன்று, ஆறு மாதங்களுக்குப் பின் அதைவிட நன்றாகத் தேறியிருந்தனர். பிறர் வரைந்த போர்க்களம் எவ்வளவு நேர்த்தியானாலும் அவரவர் போர்க்களம் ஆகிவிடாது.

இதுவரை பேசியது அச்சம். அச்சம் தவறான செய்தி: ஆபத்து முடிந்த பின்னும் ஒலிக்கும் மணி. பழியுணர்வு அப்படியல்ல. சோதனைச்சாவடியில் நிற்காத காரைச் சுட்டு, உள்ளே ஒரு குடும்பம் இருந்ததைக் கண்ட வீரரிடம் ‘இப்போது ஆபத்து இல்லை’ என்பது அவர் கேட்காத கேள்விக்குப் பதில். மனநல மருத்துவர் ஜானதன் ஷே 1994-இல் வியட்நாம் வீரர்களைப் பற்றி எழுதிய நூலில், மேலிடம் நீதியை மீறிக் கைவிட்டதே அவர்களை உடைத்தது என்றார். பிரெட் லிட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் இதை விரித்து, தாமே செய்ததும் தடுக்கத் தவறியதும்கூட, அறம் மீறப்பட்டதால் மனத்தில் படும் ‘அறக்காயமே’ என்றனர்.

மீண்டும் மீண்டும் சொல்லும்போது இருட்டு, பதற்றம், கிடைத்த சில நொடிகள், வந்த உத்தரவு எல்லாம் நினைவில் தத்தம் இடத்தில் வந்தமர்கின்றன, மிகையான தன்பழி கரைகிறது என்று ஃபோவாவின் வழிவந்தவர்கள் பதில் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரி. எல்லாச் சூழலையும் கணக்கில் எடுத்த பின்னும் குற்றம் எஞ்சினால்? பயத்துக்குப் பழகுவது நலம். செய்த தவறுக்குப் பழகிப்போவதை நலம் என்று சொல்ல முடியாது. அந்த வேதனை, அந்த மனிதரிடம் அறம் இன்னும் உயிரோடிருப்பதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

சமயங்கள் இதை வேறுவிதமாகக் கையாண்டன. கொன்றவரும் பிணத்தைத் தொட்டவரும் ஏழு நாள் பாளயத்துக்கு வெளியே தங்கவேண்டும் என்கிறது விவிலியத்தின் எண்ணாகமம். குருசேத்திரத்தில் வென்ற தருமர் அரியணையை வெறுத்துப் புலம்பினார். அவருக்கு உபதேசம் மட்டும் போதவில்லை, அசுவமேதமும் வேண்டியிருந்தது. இவற்றிலும் வியப்பானது 1066-இல் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்ற நார்மன் படைக்கு ஆயர்கள் விதித்த பரிகாரம். கொன்ற ஒவ்வோர் ஆளுக்கும் ஓராண்டு. அடித்தவன் செத்தானா என்று தெரியாவிட்டால் ஆளுக்கு 40 நாள். எய்த அம்பு யாரை என்ன செய்ததென்று அறியாத வில்லாளிகளுக்கு மூன்று தவக்காலம். தோற்றவருக்கு அல்ல, வென்றவருக்கே விதிக்கப்பட்ட கணக்கு இது. குற்றத்தைக் கற்பனை என்று தள்ளாமல், அதற்கு ஓர் அளவும், அதனால் ஒரு முடிவும் தந்தது. சமூகம் அனுப்பியவரைச் சமூகமே திரும்ப ஏற்றது.

திரைக்குள் நடமாடும் ஈராக்கியர்கள் பொம்மைகள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்க முடியாது. அவர்கள் மன்னிக்கவும் முடியாது. லிட்ஸின் குழு அறக்காயத்துக்கென வகுத்த முறையில் திரைக்கவசம் இல்லை. வீரர் கண்ணை மூடி, தாம் மதிக்கும், தம்மீது பரிவுள்ள ஒருவர் எதிரில் இருப்பதாக எண்ணி, செய்ததை முழுவதும் சொல்கிறார். பிறகு அவர் என்ன பதில் சொல்வார் என்பதையும் வீரரே தம் வாயால் சொல்லவேண்டும்.