சாமி பாதி, ஜல்லி பாதி

திண்டுக்கல்லில் இருந்து நத்தம் போகிற ரோட்டில் இறங்கி, உள்ளே மூன்று கிலோமீட்டர் போனால் என் தாய்மாமா ஊர். போன வைகாசியில் கருப்பசாமிக்குத் திருவிழா. 'வராமப் போயிராதே' என்று மாமா போனிலேயே மிரட்டியிருந்தார். போனேன்.

ஊர் எல்லையிலேயே பிரமாண்டமான ஃப்ளெக்ஸ். ஒரு மூலையில் குதிரை மேல் கருப்பன். அவரைவிட நாலு மடங்கு பெரிதாக, கைகூப்பிச் சிரித்தபடி ஒருவர். பக்கத்து கல் குவாரியின் முதலாளி. அன்னதானம் அவர் உபயம். மைக் செட், சீரியல் லைட், கரகாட்டம் எல்லாமே அவர் உபயம். 'முன்னாடியெல்லாம் வீட்டுக்கு இவ்வளவுன்னு வரி போடுவோம். இப்ப அந்தத் தொல்லை இல்லே' என்றார் ஒரு பெரியவர், சந்தோஷமாகத்தான்.

கருப்பன் இருப்பது ஊருக்குக் கிழக்கே ஒரு கரட்டின் அடியில். சின்ன வயதில் கோடை லீவுக்கு வரும்போது பையன்களோடு அந்தக் கரட்டில் ஏறியிருக்கிறேன். உச்சியில் ஒரு சுனை. கன்னிமார் சுனை என்பார்கள். தெற்கே பார்த்தால் சிறுமலை நீலமாகத் தெரியும். இப்போது அந்த உச்சி இல்லை. கத்தியால் அல்வாவைத் துண்டு போட்ட மாதிரி, கரட்டின் கிழக்குப் பாதியைக் காணோம். அந்த இடத்தில் ஒரு பள்ளம், பள்ளத்தில் பச்சைத் தண்ணீர். கண்மாயில் தண்ணீர் இல்லாததால், முளைப்பாரியைப் பெண்கள் அந்தக் குவாரிக் குழியில்தான் கரைத்தார்கள். யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. குழந்தைகள் விழுந்துவிடக் கூடாது என்று கயிறு கட்டி, ஆள் நிறுத்தியிருந்தது குவாரிதான்.

'சாமி இருக்கிற பக்கத்தை விட்டுட்டான்ல மாப்ளே. அந்த வரைக்கும் நல்ல மனுஷன்' என்றார் மாமா.

ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபோதுதான் மீதியைச் சொன்னார். கருப்பனை ரோட்டோரமாக இறக்கிவைத்துக் கொள்ளலாம் என்று குவாரிக்காரர் கேட்டிருக்கிறார். கோபுரம், மண்டபம், டைல்ஸ் தரை, கும்பாபிஷேகம் எல்லாம் அவர் செலவு. ஊர்ப் பொதுவுக்குத் தனியாகப் பத்து லட்சம். ஊர் இரண்டாக நிற்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம்.

'நீ பி.காம். படிச்சவன். பத்திரிகையில ஊருக்கெல்லாம் நியாயம் எழுதுறே. இதுக்கு ஒரு வழி சொல்லு.'

மாட்டிக்கொண்டேன்.

பி.காமில் 'குட்வில்' என்று ஒரு பாடம் உண்டு. ஒரு கடைக்கு ஊரில் இருக்கும் நல்ல பெயருக்கும் விலை உண்டு என்பார்கள். ஆனால், நீங்களாக உழைத்து வளர்த்த குட்வில்லை உங்கள் கணக்கில் சொத்தாக எழுதக் கூடாது. வேறொருவர் காசு கொடுத்து வாங்கினால்தான், அதுவும் வாங்கியவர் புத்தகத்தில்தான், அது சொத்து. கருப்பன் விஷயமும் அப்படித்தான். தலைமுறை தலைமுறையாகக் கிடா வெட்டி, பொங்கல் வைத்து, காது குத்தி, கோபித்துக்கொண்ட பங்காளிகள் ஒன்றுசேர்ந்த இடம். கிராமக் கணக்கில் அதற்கு மதிப்பு சைபர். குவாரிக்காரர் விலை கேட்ட அன்றைக்குத்தான் அது பத்து லட்சம் ஆனது.

நத்தத்தைத் தாண்டி கொட்டாம்பட்டி வழியாகப் போனால் மேலூர். அங்கே இதே கேள்வி பெரிய எழுத்தில் கேட்கப்பட்டது நினைவிருக்கும். 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்தை ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் ஏலத்தில் எடுத்ததாக அறிவிப்பு வந்தது. பரப்பு 2,015 ஹெக்டேருக்கும் மேல். அதற்குள் அரிட்டாபட்டியும் இருந்தது. கழிஞ்சமலையில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய தமிழி எழுத்து, குன்றைக் குடைந்த பாண்டியர் காலத்துச் சிவன் கோயில், மலையிடுக்கில் லகர் வல்லூறு என்று இருக்கும் ஊர். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அரசே 2022-ல் அறிவித்த ஊர். அப்படி அறிவித்த இடத்திலேயே 193 ஹெக்டேர் ஏல வரைபடத்துக்குள் வந்திருந்தது!

மேலூர்க்காரர்களுக்குக் கல் விஷயத்தில் பழைய காயம் உண்டு. 2012-ல் மதுரை கலெக்டராக இருந்த சகாயம், கிரானைட் குவாரிகளால் அரசுக்கு 16 ஆயிரம் கோடிக்கு மேல் நஷ்டம் என்று எழுதிய அறிக்கையைத் தமிழ்நாடே படித்தது. ஆகவே இந்த முறை ஊர்கள் காத்திருக்கவில்லை. கிராமசபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-ல் சட்டசபையும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை வரைக்கும் ஜனங்கள் நடந்தே வந்தார்கள். ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

டங்ஸ்டன் வேண்டாத பொருள் அல்ல. குண்டு பல்புக்குள் இருந்த கம்பி அதுதான். பாறையில் துளை போடும் டிரில்லின் முனையும் டங்ஸ்டன் கார்பைடுதான். மலையைக் குடைய மலையிலிருந்தே பல் பிடுங்குகிறோம். உலக உற்பத்தியில் பெரும்பகுதி சீனாவின் கையில் இருப்பதால், நமக்கும் வேண்டும் என்று டெல்லி நினைத்ததில் தப்பில்லை. ஆனால், மலையடியில் இருப்பவனிடம் முதலில் கேட்கவில்லை. தப்பு அங்கேதான்.

கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒடிசாவில் ஒரு பதில் இருக்கிறது. நியாம்கிரி மலையின் பாக்சைட் மேல் வேதாந்தா கண் வைத்தது. ஹிந்துஸ்தான் ஜிங்க்கும் அந்தக் குழுமத்து நிறுவனம்தான். அங்கே வாழும் டோங்ரியா கோண்ட் பழங்குடிகளுக்கு அந்த மலைதான் நியாமராஜா. மலையில் சாமி இல்லை, மலையே சாமி. 2013 ஏப்ரல் 18-ல் சுப்ரீம் கோர்ட், 'அந்த மக்களின் வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராமசபைகளே சொல்லட்டும்' என்று தீர்ப்புக் கொடுத்தது. 12 கிராமசபைகள் கூடின. பன்னிரண்டும் 'முடியாது' என்றன.

கடல் தாண்டி, பிலிப்பைன்ஸின் டாம்பக்கானிலும் இதே வழக்குதான். அங்கே பிளான் பழங்குடிகளின் மலைக்கடியில் தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பெரிய செம்பு - தங்கப் படிவங்களில் ஒன்று தூங்குகிறது. பூர்வகுடிகளின் சம்மதம் வாங்கித்தான் தோண்ட வேண்டும் என்று 1997-லேயே அந்த நாட்டில் சட்டம் வந்துவிட்டது. 2010-ல் அந்த மாகாணம் திறந்தவெளிச் சுரங்கத்துக்கே தடை போட்டது. இத்தனைக்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. 2012-ல் சுரங்கத்தை எதிர்த்த ஒரு குடும்பத்தின் தாயும் இரண்டு பிள்ளைகளும் ராணுவத் துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போனார்கள்.

இதையெல்லாம் மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, வாசலில் உட்கார்ந்திருந்த அவர் மகன் குறுக்கே வந்தான். குவாரியில் டிப்பர் ஓட்டுகிறான்.

'அத்தான், ஒண்ணு கேக்கவா? கருப்பன் காவல் காப்பாரு, சரி. சம்பளம் அந்த ஆளுதானே தர்றாரு? உங்க திண்டுக்கல் வீட்டுக்கு ஜல்லி எங்கேயிருந்து வந்துச்சு?'

வாயடைத்துப் போனேன். 2009-ல் வீடு கட்டினேன். அஸ்திவாரத்துக்கும் தளத்துக்கும் எத்தனை லோடு ஜல்லி இறங்கியது என்று நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். அது எந்தக் கரடு என்று எழுதவில்லை. கேட்கவே இல்லையே! சமையல் மேடைக்கு வேறு கறுப்பு கிரானைட். அதன் மேல்தான் தினமும் காபி டம்ளரை வைக்கிறேன்.

பஸ்ஸில் போகும்போது பாருங்கள். நம் மாவட்டத்துச் சமவெளியில் பாதியாக நிற்கிற கரடுகள் எத்தனை என்று எண்ணலாம். எது தப்பித்திருக்கிறது? உச்சியில் முருகன் இருப்பது. அடியில் முனியப்பன் இருப்பது. சமணர் படுக்கை இருக்கிறது என்று தொல்லியல் துறை போர்டு வைத்தது. சாமியும் இல்லை, கல்வெட்டும் இல்லை, அபூர்வப் பறவையும் இல்லை என்றால் அந்தக் கரடு அனாதை. ஆடு மேய்ந்தது, மழைத்தண்ணீரைக் கண்மாய்க்கு இறக்கிவிட்டது, உடும்பும் கௌதாரியும் குடியிருந்தது என்று சொன்னால் எந்த ஆபீஸில் ஒத்துக்கொள்வார்கள்? நியாம்கிரி தீர்ப்பைக் கொண்டாடுகிறவன்தான் நானும். ஆனால் ஓர் உறுத்தல் இருக்கிறது. கும்பிடத் தெரிந்தவனுக்கு மலை மிஞ்சும், வெறுமனே பிழைக்கத் தெரிந்தவனுக்கு மிஞ்சாது என்றால், அது என்ன நியாயம்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சாமியை நகர்த்தவே கூடாது என்று சொல்ல, திண்டுக்கல்காரனான எனக்கு வாய் வராது. நம்ம ஊர் மலைக்கோட்டை உச்சியில் கோயில் இருக்கிறது. கருவறையில் சிலை இல்லை. பழைய சண்டைக் காலத்தில் அபிராமியைக் கீழே கொண்டுவந்துவிட்டதாகச் சொல்வார்கள். ஊருக்குள் இருக்கிற கோயிலில்தான் கும்பிடுகிறோம். அவளுக்கும் குறையில்லை, நமக்கும் குறையில்லை. மேலே போக டிக்கெட் வாங்க வேண்டும், அவ்வளவுதான். தவிரவும், பிடிமண் என்று ஒரு வழக்கமே நம்மிடம் இருக்கிறதே. பிழைக்கப் போகிற இடத்துக்குக் கோயில் மண்ணை ஒரு பிடி எடுத்துப்போய் அங்கே சாமியை நிறுத்திக்கொள்வார்கள். சாமி நகராது என்று நம் முன்னோர்கள் சொன்னதே இல்லை.

இதை மாமாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் வெற்றிலையை மென்றார். அப்புறம் சொன்னார்.

'ஆளு போனா சாமி கூடப் போகும் மாப்ளே. ஆளு இருக்கையில சாமியை மட்டும் அனுப்பின கதை எங்கேயாச்சும் உண்டா? பிடிமண் எடுத்தா, மீதி மண்ணு அங்கேயே இருக்கும்ல?'

நான் இத்தனை நேரம் சுற்றிக்கொண்டிருந்ததை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். பிடிமண் எடுத்தவன் மலையை விற்கவில்லை. அபிராமி இறங்கி வந்தபோது மலைக்கோட்டையை யாரும் ஜல்லியாக்கவில்லை. இங்கே கேட்பது கருப்பனை அல்ல, கருப்பன் கையெழுத்தை. அவர் நகர்ந்த மறுநாள் மேற்குப் பாதிக்கும் வெடி வைப்பார்கள்.

கணக்குப் பாடத்தில் இன்னொன்றும் உண்டு. சுரங்கம் என்பது தேய்கிற சொத்து. தோண்டத் தோண்ட மதிப்பைக் குறைத்து எழுத வேண்டும். கம்பெனிகள் அதை ஒழுங்காக எழுதும். கிராமம்தான் முதலை விற்ற காசை வருமானம் என்று எழுதி, அந்த வருஷத் திருவிழாவிலேயே செலவழித்துவிடுகிறது. பேரன் வந்து கேட்டால் டைல்ஸைத்தான் காட்ட முடியும்.

மச்சான் கேட்டதற்கு என்னிடம் முழு பதில் கிடையாது. அவன் சம்பளம் நின்றால் நான் தரப்போவதில்லை. பாதி மலை போன பிறகும் ஊரில் வேறு வேலை வரவில்லை என்பதைத்தான் அவனிடம் சொல்ல முடிந்தது. 'மீதிப் பாதியும் தீர்ந்தா நீ என்னடா பண்ணுவே?' என்றேன். 'அது அப்ப பாத்துக்கலாம்' என்றான். பேசிவிட்டு மறுநாள் காலையில் பஸ் ஏறப்போகிறவன் நான். அவன் ஐந்து மணிக்கு வண்டியை எடுக்க வேண்டும்.

'என்னைக் கேட்டா வேணாம்னுதான் சொல்வேன் மாமா' என்றேன். குரல் எனக்கே பலவீனமாகக் கேட்டது.

'எனக்கும் அதான். ஆனா நான் சொன்னா ஒருத்தனும் கேக்கமாட்டான். பூக்கட்டிப் பாத்துரலாம்னு சொல்லியிருக்கேன். வெள்ளைப் பூ வந்தா நகர்த்துறது, சிவப்பு வந்தா கையை வைக்கக் கூடாது. ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டாங்க.'

எனக்குத் திக்கென்றது. ஒரு ஊரின் மலையை ஒரு சின்னப் பிள்ளை எடுக்கப்போகிற பொட்டலத்தில் வைத்துவிட்டார்களே!

'மாமா, வெள்ளை வந்துட்டா?'

'வராது.'

'எப்படிச் சொல்றீங்க?'

வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து, திண்ணையில் துண்டை விரித்துப் படுத்தார்.

'பொட்டலம் மடிக்கிறது நான்தான் மாப்ளே' என்றார்.