திரும்பிப் போகும் உரிமை

ஈப்போவிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் சைக்கிளில் போகப்போறேன்னு சொன்னதும் நண்பர்கள் 'வேற லெவல்' என்றார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியப்பா, "ஏன்டா, பஸ்ஸு இல்லையா?" என்று மட்டும் கேட்டார். அவர் காலத்தில் சைக்கிள் என்பது பஸ் காசை மிச்சம் பிடிக்கிறவனின் வண்டி. ஒரே வண்டி, ஒரே சாலை, ஒரே உடலுழைப்பு. ஒருவருக்கு அது சாகசம், இன்னொருவருக்கு வறுமை. இந்த வித்தியாசம் எதில் இருக்கிறது?

பொறியியல் இதற்குப் பதில் சொல்லாது. சாதாரண மனிதனால் மணிக்கணக்காகத் தொடர்ந்து தரக்கூடிய திறன் ஏறத்தாழ 100 வாட், ஒரு பழைய குண்டு பல்பு அளவு. விடிவதற்கு முன் பெரட்டுக்கு ஓடி, மரம் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, கேரியரில் கட்டிக்கொண்டு மிதித்தவருக்கும் அதே 100 வாட்தான். மிதிப்பவன் விரும்பி மிதிக்கிறானா, வேறு வழியில்லாமல் மிதிக்கிறானா என்பது சைக்கிள் சங்கிலிக்குத் தெரியாது. ஆகவே 'கஷ்டப்பட்டேன், அதனால் பெருமைப்படுகிறேன்' என்கிற கணக்கு செல்லாது. கஷ்டம்தான் அளவுகோல் என்றால் எங்கள் பாட்டிகளுக்கு எல்லாப் பதக்கங்களும் போயிருக்க வேண்டும்.

என்னுடைய முதல் நாள், பழைய கூட்டரசுச் சாலையில் சிம்பாங் பூலாய், கோப்பெங், கம்பார், தாப்பா வழியாக பீடோர் வரை. கம்பார் தாண்டியதும் வெயில் ஏறிவிட்டது, முட்டி பேச ஆரம்பித்தது. ஒவ்வோர் ஊரிலும் மனசு ஒரே விஷயத்தைத்தான் சொன்னது: திரும்பிடலாம். ஒரு போன் போட்டால் தம்பி காரோடு வந்துவிடுவான். நெடும்பயணத்தில் முதல் நாள் மாதிரி சுலபமாகத் திரும்பக்கூடிய நாள் வேறில்லை. நான்காம் நாள் வீடு ரொம்ப தூரம், போய்ச் சேர்வதே சுலபம். முதல் நாளில் மட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரையும் புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. திரும்ப முடியும் என்பதால்தான் போவது என் முடிவாகிறது.

இதே சாலையில் 1941 டிசம்பர் கடைசியில் ஜப்பானியச் சிப்பாய்கள் சைக்கிளில் தெற்கே போனார்கள். உள்ளூர் மக்களிடம் பிடுங்கிய சைக்கிள்களும் அதில் உண்டு. டயர் கிழிந்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். கம்பாரில் டிசம்பர் 30இலிருந்து ஜனவரி 2 வரை சண்டை. நெடுந்தூரச் சைக்கிள் பயணம் என்றால் அதுவும்தான், ஆனால் அந்தச் சிப்பாய் எந்த ஊரிலும் 'போதும்' என்று சொல்லியிருக்க முடியாது. அடுத்த ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களைச் சயாம் ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள், சிலரைச் சில மாத வேலை என்று நம்பவைத்து, சிலரைப் பிடித்து. பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அவர்களுக்கும் ஒரு முதல் நாள் இருந்தது.

திரும்பும் உரிமைக்குக் கால்கள் மட்டும் போதாது, திரும்பிப் போக ஓர் இடமும் வேண்டும். தோட்டத்தில் லயத்து வீடு நிர்வாகத்துடையது. வேலை போனால் வீடும் போச்சு. 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது பல குடும்பங்கள் ஒரே நேரத்தில் இரண்டையும் இழந்தன. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடமே சிறுகச் சிறுகப் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கியதை வழக்கமாகப் பொருளாதார வரலாறாகப் படிக்கிறோம். எனக்கு அது, திரும்பிப் போக ஓர் இடத்தைப் பலர் சேர்ந்து விலைக்கு வாங்கிய கதை.

அப்படியானால் என் பயணம் வசதியுள்ளவன் ஏழையாக நடிக்கும் விளையாட்டா? வசதிதான், மறுக்கவில்லை. வேண்டாமென்று ஒதுக்கிவைக்க என்னிடம் ஒரு பஸ் டிக்கெட் இருக்கிறது; அந்த நிலைக்கு நம்மைக் கொண்டுவரத்தான் முந்தைய தலைமுறை உழைத்தது. அதை அனுபவிப்பதில் குற்றமில்லை. குற்றம் வேறு இடத்தில். "அந்தக் காலத்து ஆளுங்க சைக்கிள்லயே போனாங்க, அதான் நோய் நொடி இல்லாம இருந்தாங்க" என்று சிலாகிக்கிறோமே, அங்கே. அவர்களுக்கு இல்லாமல் போன தேர்வை, அவர்களே விரும்பி ஏற்ற ஒழுக்கமாக மாற்றிவிடுகிறோம். கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் அது பொய்.

ரப்பர் தோட்டங்கள் பலவும் இன்று செம்பனை. விடியற்காலையில் அந்த மண் சாலைகளில் சைக்கிள் மிதிப்பவர் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளி. அவருடைய பாஸ்போர்ட் வேறொருவரின் பெட்டியில் பூட்டிக்கிடந்தால், எத்தனை கிலோமீட்டர் மிதித்தாலும் அவர் ஓரடிகூடத் தன் விருப்பத்தில் நகரவில்லை. பயணம் போகிறவர்களிடம் நாம் "எவ்வளவு தூரம்?" என்று கேட்கிறோம். "வேணாம்னு தோணினா வீட்டுக்குப் போக முடியுமா?" என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். தோட்டத்துச் சாலையில் மிதிப்பவரிடம் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.