விஷம் தரும் பிழைப்பு

பழகிய பாம்பு என்று ஒன்று கிடையாது. பிடிக்கிற கைதான் பழகுகிறது. ஆயிரம் பாம்பைத் தொட்ட விரலுக்கும் முதன்முறை தொடும் விரலுக்கும் நாகத்திடம் ஒரே மரியாதைதான்.

சென்னையை அடுத்த வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பழங்குடியினரின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் பாம்பைத் தொடுவது அன்றாட வேலை. தோலுக்காகப் பாம்பைக் கொன்ற வியாபாரம் சட்டத்தால் நின்றபின், அதே கைகள் அதே பாம்புகளை உயிரோடு காக்கத் தொடங்கின. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கும் துணியால் வாய் கட்டிய மண்பானைகளில் சில வாரம் இருக்கும். விஷம் எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துக் காட்டில் விட்டுவிடுவார்கள்.

தலையைப் பிடித்துக் குடுவையின் விளிம்பில் கட்டிய சவ்வைக் கடிக்கவிட்டால், சொட்டுவது சில துளிதான். குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து எடுக்க அந்தத் துளிதான் மூலம்.

பயமே இல்லாதவர் இந்த வேலைக்கு ஆகமாட்டார். பயத்தில் கை நடுங்குகிறவரும் ஆகமாட்டார். நடுவில் உள்ளது ஒரு கவனம். அது ஒருநாள் அசந்தாலும் (எந்த வேலையில்தான் ஒருநாள் அசராமல் இருக்கிறோம்?) பாம்பு பழைய உறவை எண்ணிப் பார்க்காது.

வயலில் கடிபட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரப்படும் விவசாயிக்கு, தனக்கு ஏறும் மருந்துக்கு யார் விரலைப் பணயம் வைத்தார்கள் என்று தெரியாது. 2023-இல் பாம்பு பிடிக்கும் இருளர் இருவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோதுதான் நம்மில் பலருக்கும் அது தெரிந்தது.